ஆஸ்டினுக்குப் பிடிக்காத ஊர்

இங்கிலாந்தில் பாத் நகரம் நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினைக் கொண்டாடுவதுபோல எந்த மாமியாரும் மருமகளைக் கொண்டாடியது கிடையாது. அவர் பேரில் கண்காட்சி, டீக்கடை, துண்டு, பென்சில் எல்லாம் உண்டு. செப்டம்பரில் திருவிழா வேறு. பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட நீள கவுனும் குல்லாவுமாக ஊர்வலம் போகிறார்கள்.

இதில் ஒரே ஒரு சங்கடம். ஆஸ்டினுக்கு இந்த ஊர் ஆகவே ஆகாது. பாதிரியாராக இருந்த அப்பா ஓய்வுபெற்று, 'ஸ்டீவன்டன் கிராமத்தைக் காலி செய்துவிட்டு பாத்துக்குப் போகிறோம்' என்றதும் மகள் மயங்கியே விழுந்துவிட்டாராம். அந்தக் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லும் கதை இது. 1801-ல் வந்து 1806-ல் போனார். போய் இரண்டு வருஷம் கழித்தும், தப்பித்தோம் என்ற சந்தோஷத்தை அக்காவுக்குக் கடிதத்தில் எழுதுகிறார். இங்கே இருந்தபோது தொடங்கிய 'தி வாட்சன்ஸ்' நாவலைப் பாதியிலேயே போட்டுவிட்டார்.

இதையெல்லாம் விலாவாரியாகச் சொன்னதும் என் மனைவி கேட்டாள்: "ஏங்க, ஓடிப்போனவங்க பேர்லயா இத்தனை கடை?"

கே தெருவில் ஆஸ்டின் குடியிருந்தது 25-ஆம் எண் வீட்டில். ஆஸ்டின் மையம் இருப்பது 40-ஆம் எண்ணில். அங்கே அந்தக் காலத்து உடுப்பில் வரவேற்கிறார்கள். எனக்கு வளைந்து வணக்கம் சொல்லத் தெரியாததால் கும்பிட்டு வைத்தேன்.

நான் பார்க்கத் துடித்தது பம்ப் ரூம். வெந்நீர் ஊற்றுத் தண்ணீரை மருந்தாகக் குடிக்கப் பணக்காரர்கள் கூடிய மண்டபம். மருந்து ஒரு சாக்கு. நடந்தது வரன் வேட்டை. ஊருக்கு யார் யார் வந்திருக்கிறார்கள் என்று அங்கே ஒரு நோட்டில் எழுதி வைப்பார்கள். 'நார்த்தாங்கர் அபே' நாயகி கேத்தரின் அந்த நோட்டில்தான் ஹென்றி டில்னியின் பெயரைத் தேடுகிறாள். பையனுக்கு வருஷ வருமானம் எவ்வளவு என்பது ஆஸ்டின் நாவல்களில் சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும். ஜாதகம் ஒன்றுதான் பாக்கி.

தண்ணீரையும் குடித்தேன். அதில் இஸ்திரிப்பெட்டி ருசி இருப்பதாக டிக்கன்ஸின் சாம் வெல்லர் சொல்வான். பையன் பொய் சொல்லவில்லை. மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் தம்ளரை அப்படியே வைத்துவிட்டாள்.

பிறகு துண்டு வாங்கினோம். நீட்டிய 10 பவுண்டு நோட்டில் ஆஸ்டின் முகம், 2017-லிருந்து அச்சடிக்கிறார்கள். 1803-ல் இதே 10 பவுண்டுக்குத்தான் அவருடைய 'சூசன்' நாவலை லண்டன் பதிப்பாளர் ஒருவர் வாங்கி, அச்சிடாமல் பூட்டி வைத்தார். 1816-ல் அதே 10 பவுண்டைக் கொடுத்துத்தான் கையெழுத்துப் பிரதியை மீட்க முடிந்தது. ஆஸ்டின் இறந்தபின் 'நார்த்தாங்கர் அபே' என்று வெளிவந்தது அந்த நாவல்தான்.

லண்டன் பாடிங்டனிலிருந்து பாத்துக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம். போகிறவர்கள் அந்த நாவலை முன்கூட்டியே படித்துவிட்டுப் போங்கள். தண்ணீரை மட்டும் கூட வருகிறவரை முதலில் குடிக்க விடுங்கள்.