பிரபுவின் பர்ஸ்

டென்வருக்கும் கொலராடோ ஸ்பிரிங்ஸுக்கும் நடுவே லார்க்ஸ்பர் என்று ஒரு சிற்றூர். கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலே இருக்கிறது. கோடைக்கால வாரக்கடைசிகளில் அங்கே மரங்களுக்கு நடுவே பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்து திருவிழாவாகக் கடை விரிக்கும். என் பெண்ணின் நச்சரிப்பு தாங்காமல் போனோம்.

மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கியது. அதை மறைக்கச் சரித்திரம் பேசினேன். 1963இல் கலிபோர்னியாவில் பில்லிஸ் பேட்டர்சன் என்ற ஆசிரியை தொடங்கி வைத்த கூத்து இது என்றேன். உருளைக்கிழங்கு வறுவல் கடை முன்னால் நின்று, "அந்தக் கால இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி 1547லேயே போய்ச் சேர்ந்துட்டார். பாவம், உருளைக்கிழங்கைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்" என்றேன். மனைவியும் பெண்ணும் பத்தடி தள்ளி நடக்கத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் அது நடந்தது. இறகுத் தொப்பி போட்ட ஒருவன் இடுப்பு வரை குனிந்து, "மை லார்ட்!" என்றான். திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

அலுவலகத்தில் என் பெயரில் பாதியைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டில் "ஏங்க" என்று குரல் வந்தால், நாளைக்குக் குப்பை வண்டி வருகிறது என்று அர்த்தம். இந்த நிலையில் இருப்பவனைப் பிரபு என்றால் என்ன ஆவான்? முழங்கை நீளத்துக்கு ஒரு வான்கோழிக் கால் வாங்கினேன். அடுத்த கடையில் இன்னும் கொஞ்சம் தாழ்வாகக் குனிந்தார்கள். தோலால் செய்த மதுக்குவளை வாங்கினேன். நான் குடிப்பது ஃபில்டர் காபி மட்டும். பெண்ணுக்கு மரவாள். அவள் கேட்கவே இல்லை.

குதிரைமேல் ஈட்டிச் சண்டை தொடங்கியது. 1536இல் இதே விளையாட்டில் குதிரையோடு விழுந்த ஹென்றி, அதற்குப் பிறகு களமிறங்கவே இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன், வாயில் வான்கோழி. பார்வையாளரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வீரனை ஒதுக்கியிருந்தார்கள். எங்கள் ஆளுக்காக, "விடாதே, குத்துடா!" என்று தமிழில் கத்தினேன். அவன் விழுந்தான்.

பிற்பகலானதும் அந்த மலைப்பக்கத்து வழக்கப்படி இடி இடித்தது. கவசம் அணிந்த மாவீரர்கள்தான் முதலில் கூரை தேடினார்கள். இரும்பு உடுத்தவனுக்குத்தானே இடியின் அருமை தெரியும்?

மழைக்கு ஒரு பூக்கிரீடக் கடையில் ஒதுங்கினோம். "பர்ஸைக் குடுங்க. நீங்க வச்சிருந்தா இன்னைக்கு வீடு போய்ச் சேராது" என்று மனைவி பிடுங்கிக்கொண்டாள். கடைக்காரப் பெண்மணி பாவாடையைத் தூக்கிப் பிடித்து, முழங்கால் மடக்கி, "மை லேடி" என்றாள். மழை நிற்பதற்குள் கிரீடம் மனைவி தலையில் இருந்தது. விலையை நான் கேட்கவில்லை. குவளையின் விலையை அவளும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் பால் வாங்க ஒரு கடையில் நுழைந்தோம். மனைவி கிரீடத்தோடும் நான் குவளையோடும் கல்லா முன் நின்றோம். அங்கிருந்த பையன் தலை நிமிராமல், பை வேண்டுமென்றால் பத்து சென்ட் என்றான்.

மரியாதை தெரியாத பயல். பை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.