கேம்பல் பேயில் முண்டாசு கட்டுவது

பள்ளிக்கூட நேரத்தைப் பற்றி நியாயமான ஒரு விஷயம் சொல்லத்தான் உட்கார்ந்தேன். டிசம்பரில் இந்த நிக்கோபார்த் தீவின் கேம்பல் பேயில் மாலை ஐந்து மணிக்கே சூரியன் படுத்துவிடுகிறது. மிர்சாபூர் தீர்க்கரேகைக்கு வைத்த கடிகாரத்தை நாம் இங்கே கட்டிக்கொண்டு திரிகிறோம். அது இன்னொரு நாளைக்கு. இன்றைக்குப் பையன் பள்ளியின் மாறுவேடப் போட்டியை நாலு வார்த்தை கேட்டுவிடுகிறேன், போன வாரச் சூடு இன்னும் ஆறவில்லை.

2022 முதல் பாரதி பிறந்த டிசம்பர் 11-ஐப் பள்ளிகளில் இந்திய மொழிகளின் நாளாகக் கொண்டாடுகிறார்கள். பேஷ். ஆனால் 10-ஆம் தேதி சாயங்காலமா சொல்வது, 'உங்கள் பையன்தான் பாரதியார்' என்று? சென்னையில் என்றால் வாடகைக்கு வேஷம் எடுக்கலாம். இங்கே எதற்கும் கப்பல் வர வேண்டும். போர்ட் பிளேர், இப்போது ஸ்ரீ விஜய புரம், ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால். சுமத்ரா கிட்டே இருக்கிறது, ஆனால் ஒரு கறுப்புக் கோட்டுக்காகப் பாஸ்போர்ட் எடுக்க முடியுமா?

தமிழ்ப் பிள்ளை என்றால் ஏன் பாரதியையே பிடிக்கிறார்கள் தெரியுமா? சிக்கனம். காந்திக்கு மொட்டையடிக்க வேண்டும். திருவள்ளுவருக்குத் தாடிப் பஞ்சு மூக்கில் ஏறி, பிள்ளை குறளுக்குப் பதில் தும்மும். கட்டபொம்மனுக்கு வசனம் நீளம். பாரதிக்கு ஒரு துணி, ஒரு கோட்டு, கொஞ்சம் கண்மை. இப்படித்தான் நம் வீடுகளில் தலைமுறைக்கு ஒரு பாரதி மீசை கலைந்து நிற்கிறான்.

துணிக்குப் பக்கத்து வீட்டு சர்தார்ஜியிடம் போனேன். 1969 முதல் முன்னாள் ராணுவத்தினரைக் குடியேற்றி உண்டான ஊர் இது. தலைப்பாகைக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால் துணியை மட்டும் கொடுத்தனுப்புகிற மனிதரா அவர்? கட்டியும் விடுவேன் என்றார். பாரதி படத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "யாரோ அவசரத்தில் கட்டியிருக்கிறார்கள் ஜி, வால் தொங்குகிறது."

அதுதான் அழகு என்றேன். வால் தொங்கினால் கட்டினவனுக்கு அவமானம் என்றார். காசியில் படிக்கிற காலத்தில் பழகிய முண்டாசு என்றேன். பஞ்சாபுக்குப் போயிருக்கலாமே என்றார். ஐந்து மீட்டர் துணியும் எட்டு வயதுத் தலையில் ஏறியது. மடிப்பு மடிப்பாக, விறைப்பாக, அணிவகுப்புக்குப் போகிற மாதிரி. நான் ஒரு முனையை இழுத்துத் தொங்கவிடுவேன், அவர் செருகுவார். மறுபடி இழுப்பேன், மறுபடி செருகுவார். நடுவில் பையன், "அப்பா, கழுத்து வலிக்குது" என்றான். பாரதிக்கு வலித்திருக்குமா என்று சர்தார்ஜியும் நானும் முதன்முறையாக ஒரே குரலில் அதட்டினோம். முண்டாசு முடிந்ததும் மீசைக்கு வந்தார். முறுக்கு போதாதாம்.

1904-இல் பாரதியே மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் தமிழாசிரியராக இருந்தார், பிறகு 'சுதேசமித்திரன்' வேலைக்குச் சென்னை போய்விட்டார். சம்பளம், லட்சியம் என்று ஏதேதோ காரணம் சொல்வார்கள். எனக்கென்னவோ ஆண்டு விழாப் பொறுப்பை அவர் தலையில் கட்டப் பார்த்திருப்பார்கள் என்று சந்தேகம்.

காலையில் மழை. கண்மை மீசை மேடை ஏறுவதற்குள் தாடியாகிவிட்டது. பையன் பாட்டை இந்தி எழுத்தில் எழுதி நெட்டுருப் போட்டு, பிழையில்லாமல்தான் ஒப்பித்தான். பின்வரிசையில் யாரோ "பகத் சிங்!" என்று கை தட்டினார்கள். சர்தார்ஜி மறுக்கவில்லை.

எரிச்சல் அதில்கூட இல்லை. இந்தத் தீவுகளில் இப்படி எந்த மேடையானாலும் 'ஆதிகுடி' என்று இரண்டு குழந்தைகளுக்கு இலை கட்டி, முகத்தில் கரி பூசி ஏற்றிவிடுகிறார்கள். சுனாமிக்குப் பின் கிராமத்தை இழந்து ராஜீவ் நகரில் குடியேறிய நிக்கோபாரிகளின் பிள்ளைகள் கீழே சீருடையில் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும். கால்பந்து ஜெர்சி போட்டு ஏற்றியிருந்தால் அவர்களுக்காவது அடையாளம் தெரிந்திருக்கும்.

முதல் பரிசு, காலித் தண்ணீர் பாட்டில்களைக் கோத்துக் கட்டி 'பிளாஸ்டிக் ஒழிப்பு' ஆக வந்த பையனுக்கு.

அடுத்தது டிசம்பர் 30. 1943-இல் போர்ட் பிளேரில் நேதாஜி கொடி ஏற்றிய நாள். இவன்தான் நேதாஜி என்று தகவல் வந்துவிட்டது, இந்த முறை கொஞ்சம் முன்னாடியே. வட்டக் கண்ணாடி கிடைத்துவிட்டது. பூட்ஸைப் பளபளப்பாக்குவது தன் பொறுப்பு என்று சர்தார்ஜி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார், கூடவே மீசை உண்டா என்றும் கேட்டார்.