விலா எலும்பு எங்கே, சார்?

எங்கள் வீட்டு ராணி லாப்ரடார் ஜாதி. குட்டியில் அவளைப் பார்க்கிறவர்களெல்லாம் "நல்லா கொழுகொழுன்னு வளர்த்திருக்கீங்க" என்பார்கள். எனக்குத் தலைகால் புரியாது. ராணிக்கு இடுப்பே தெரியாது.

என் இட்லியில் பங்கு, டீ நேரத்தில் மாரி பிஸ்கட், ராத்திரி தயிர்சாதம். அதுபோக டாக் ஃபுட் தனி. உங்கள் வீட்டிலும் இதே மெனுதானே? வெட்கப்படாதீர்கள்.

கால்நடை டாக்டரம்மா, "விலா எலும்பு கையில தட்டுப்படுதா பாருங்க சார்" என்றார். தடவினேன். இந்தப் பக்கம் இல்லை. அந்தப் பக்கம் இருக்கும் என்று சுற்றிப் போய்த் தேடினேன்.

"ஒரு வயசுல குண்டா இருக்கிற பெட்டைக்குப் பின்னாடி பால்மடிக் கட்டி வர வாய்ப்பு ஜாஸ்தி" என்றார். 1998-ல் மாட்ரிட் ஆய்வாளர்கள் கண்டது அது. வீட்டுச் சாப்பாட்டு நாய்களுக்கும் கட்டி அதிகமாம். அங்கே மாடும் பன்றியும் போட்டிருப்பார்கள், நம்முடையது சாத்விக இட்லி என்று வாதாடினேன். எடை மிஷின் என் கட்சியில் சேரவில்லை.

கொழுப்பு சும்மா கிடப்பதில்லையாம். அதிலுள்ள அரோமடேஸ் என்ற என்சைம் ஈஸ்ட்ரோஜன் தயாரிக்கும். அது பால்மடித் திசுவை வளரத் தூண்டும். லைசென்ஸ் இல்லாமல் ஒரு ஹார்மோன் ஃபேக்டரிக்கு இத்தனை நாள் இட்லி சப்ளை செய்திருக்கிறேன்.

கருத்தடை ஆபரேஷனையும் "பாவம், ஒரு தடவை குட்டி போடட்டும்" என்று தள்ளிப்போட்டிருந்தேன். 1969-ல் வந்த அமெரிக்கக் கணக்கு வேறு மாதிரி. ஆபரேஷன் செய்யாத நாய்க்குப் பால்மடிக் கட்டி வரும் ஆபத்து 100 என்றால், முதல் ஹீட்டுக்கு (இனச்சேர்க்கைப் பருவத்துக்கு) முன்பே செய்ததற்கு 0.5, ஒரு ஹீட் கழித்து 8, இரண்டு கழித்து 26. நான் நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். குட்டியும் பிறக்கவில்லை.

கடைசியில் ஆபரேஷன் முடிந்தது. "இனிமே பசி கூடும், தீனியைக் குறைங்க" என்றார் டாக்டரம்மா. வீட்டில் அளவுக் கப் வந்தது. என் மனைவி எனக்கும் அதே கப்பை நீட்டினாள்.

மாதாமாதம் ஐந்து ஜோடிக் காம்பையும் தடவிப் பார்க்கவேண்டும். கட்டி பெரும்பாலும் பின்பக்க இரண்டு ஜோடியில்தான் வரும், வருவதில் ஏறக்குறைய பாதி கேன்சர். ஒருநாள் சரியாக அங்கேயே விரலில் ஏதோ உருண்டது. ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

டாக்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "உண்ணி, சார்."

ராணி என்னைப் பார்த்தாள். அவளுக்கு முதலிலேயே தெரியும்போல.