சட்டம் ஒழுங்கு

(கூலாய். தாமான் வீடொன்றின் பின்பக்கம், செம்மண் தோட்டம். வீட்டுக்காரர் கையில் கைப்பேசி. மர ஆசாரி கையில் அளவு டேப்பு.)

வீட்டுக்காரர்: வாங்கண்ணே. டெக் வேலை முக்கால்வாசி முடிஞ்ச மாதிரிதான். விளக்கு வாங்கியாச்சு, மெத்தை வந்தாச்சு. கீழே மரச்சட்டம் மட்டும்தான் பாக்கி.

ஆசாரி: மாப்பிள்ளை மட்டும் பாக்கி, பந்தி போட்டாச்சுன்னு சொல்றீங்க. நாட்டுக்கும் டெக்குக்கும் ஒரே விதி தம்பி, சட்டம் ஒழுங்கா இருக்கணும். உயரம் எவ்வளவு?

வீட்டுக்காரர்: 8 அங்குலம். வாசப்படியைத் தாண்டக் கூடாதுன்னு வீட்டம்மா உத்தரவு.

ஆசாரி: பலகை 1. குறுக்குச் சட்டம் 4. அதைத் தாங்குற உத்திரம் 4. கூட்டுங்க.

வீட்டுக்காரர்: 9.

ஆசாரி: அப்ப உத்திரம் ஓர் அங்குலம் மண்ணுக்குள்ளே. கறையானுக்கு இலை போட்டுப் பரிமாறியாச்சு.

வீட்டுக்காரர்: வீடியோவில பைன் கட்டையை அப்படித்தான் வச்சாங்க.

ஆசாரி: அது குளிர் தேசம். இங்கே ரப்பர், செம்பனைன்னு பார்த்த மண்ணு. கறையான் நம்ம தாத்தா கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே குடியிருக்கு. செங்கால் போடுங்க.

வீட்டுக்காரர்: டெக் கேட்டா செங்கல் போடச் சொல்றீங்களே!

ஆசாரி: செங்கல் இல்லே, செங்கால் மரம். திரங்கானுவில மீன்பிடிப் படகே அதுல கட்டினாங்க. கிடைக்கலேன்னா பாலாவ்.

வீட்டுக்காரர்: மெராந்தி விலை கம்மியாச்சே?

ஆசாரி: அலமாரிக்கு நல்ல மரம். மழையில போட்டா சீக்கிரம் உளுத்துப்போகும்.

வீட்டுக்காரர்: சரி, 8 அங்குலத்துல எப்படி அடக்குறது?

ஆசாரி: சட்டத்தை உத்திரத்து மேலே ஏத்தாதீங்க. ரெண்டு உத்திரத்துக்கு நடுவுல, நாகப்பூச்சு போட்ட இரும்புத் தாங்கியில மாட்டுங்க. ரெண்டும் ஒரே மட்டம். பலகையோட சேர்த்து 5. மீதி 3.

வீட்டுக்காரர்: அந்த 3 அங்குலத்துல என்ன வைக்கிறது?

ஆசாரி: காத்து.

வீட்டுக்காரர்: வெறும் காத்துக்கா அவ்வளவு இடம்?

ஆசாரி: கம்போங் வீட்டைப் பாருங்க. தூண் கல்லு மேல நிக்கும், அடியில கோழி மேயும். மலாய்க்காரங்க காத்துக்கு ஆளுயரமே விட்டாங்க. நீங்க 3 அங்குலத்துக்கு மூக்கால அழுறீங்க. உத்திரம் கொங்ரீட் கட்டை மேலதான் உட்காரணும், மண்ணைத் தொடக் கூடாது.

வீட்டுக்காரர்: சட்டத்துக்குச் சட்டம் ரெண்டடி விட்டா மரம் மிச்சமாகுமே?

ஆசாரி: உங்க மச்சான் நடந்தா பலகை குனிஞ்சு கும்பிடும். நடுவுக்கு நடு 16 அங்குலம். பலகைக்குப் பலகை கால் அங்குலம் இடைவெளி, தண்ணி இறங்க. செங்கால்ல முதல்ல துளை, அப்புறம்தான் திருகு. அவசரப்பட்டா திருகோட தலை ஒடியும்.

வீட்டுக்காரர்: இதெல்லாம் கீழே இருக்கு, யாரு பார்க்கப் போறா?

ஆசாரி: கறையான் பார்க்கும்.

வீட்டுக்காரர்: எப்ப ஆரம்பிக்கலாம்?

ஆசாரி: ஒரு மழை பெய்யட்டும். தண்ணி எங்கே நிக்குதுன்னு குறிச்சு வைங்க. அந்தப் பள்ளத்தை மூடி, வீட்டைவிட்டு வெளிப்பக்கமாச் சரிவு கொடுத்த பிறகுதான் கட்டை.

வீட்டுக்காரர்: மழை எப்ப வரும்னு யாரு கண்டா?

ஆசாரி: (வானத்தைப் பார்த்து) கூலாய்ல இருந்துக்கிட்டுக் கேக்குற கேள்வியா இது? மணி மூணு ஆச்சு. முதல்ல மெத்தையை உள்ளே எடுங்க.