காதுல ஊத்துன தண்ணி

வாப்பா பேராண்டி, உக்காரு. அந்தப் பக்கம் வேண்டாம், கோழி இப்பத்தான் தன் கொள்கையை விட்டுட்டுப் போயிருக்கு.

கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கேட்டு வந்த பயகிட்ட என்னமோ இங்கிலீசுல சொல்லி அனுப்பிட்டியாமே? அவன் பாவம், அந்த வார்த்தையைத் தெருமுக்கு வரைக்கும் வாயிலயே அதக்கிக்கிட்டு வந்து எங்கிட்டத் துப்பிட்டான். “அக்னாஸ்டிக்னா எந்தச் சாமி பெரியப்பா, மலையாளத்துச் சாமியா?”ன்னு கேக்குறான். “ஆமாப்பா, ரொம்பத் துடியான சாமி. வரி கேக்கும்போது மட்டும் எறங்கும்”னு சொல்லி வச்சிருக்கேன்.

சிரிக்காத. லண்டன்லயும் இதே கூத்து நடந்திருக்கு. 1918-ல ரஸ்ஸல்னு பெரிய கணக்குப் புலி. சண்டை வேண்டாம்னு எழுதுன குத்தத்துக்கு ஆறு மாசம்னு பிரிக்ஸ்டன் ஜெயில்ல கொண்டுபோய் விட்டாங்க. வாசல்ல பதிவு எழுதுற வார்டர் மதம் என்னன்னு கேட்டாரு. இவரு அக்னாஸ்டிக்னாரு. வார்டரு எழுத்துக்கூட்டச் சொல்லி எழுதிக்கிட்டு, பெருமூச்சு விட்டு, மதம் எத்தனையோ இருந்தாலும் எல்லாரும் கும்புடுறது ஒரே சாமியைத்தானேன்னாராம். அதை நெனச்சு நெனச்சே ஒரு வாரம் குஷியா இருந்தேன்னு ரஸ்ஸலே எழுதி வச்சிருக்காரு. நம்ம ஊர் வரிக்காரப் பயலும் அந்த வார்டரும் ஒரு வகையில பங்காளிங்க.

இதெல்லாம் இந்தக் கெழவனுக்கு எப்படித் தெரியும்னுதானே பாக்குற? இருபது வயசுல எங்கிட்ட ஒரு கருப்புச் சட்டை இருந்துச்சு. இருந்த ஒரே நல்ல சட்டையும் அதுதான். டீக்கடை பெஞ்சுல படிச்ச படிப்பு. பகத்சிங் 1930-ல லாகூர் ஜெயில்ல உக்காந்து தான் ஏன் நாத்திகன்னு எழுதுனான். கழுத்துக்கு மேல கயிறு ஆடிக்கிட்டிருக்கு, அப்பக்கூட சாமியைக் கூப்புட மாட்டேன்னு எழுதுனவன். அதை நம்ம ஜீவா தமிழ்ல கொண்டாந்தாரு. கொண்டாந்த ஜீவாவையும் அச்சுப் போட்ட பெரியாரோட அண்ணனையும் வெள்ளைக்காரன் பிடிச்சுட்டுப் போனான். ‘இல்லை’ங்கிற ஒரு சொல்லுக்கு அந்தக் காலத்துல அவ்வளவு வெலை. நீ ‘தெரியாது’ன்னு சொல்லி மிச்சம் பண்ணுனது 500 ரூவா.

கோவப்படாத, வார்த்தை நல்ல வார்த்தைதான். 1869-ல ஹக்ஸ்லிங்கிறவரு செஞ்சது, டார்வினுக்காக ஊரோட மல்லுக்கட்டுன ஆளு. அவரு இருந்த ஒரு சங்கத்துல கூடுன பெரிய மனுசங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு கட்சி, ஒரு பேரு. இவருக்கு மட்டும் ஒண்ணுமில்ல. கண்ணியில வாலை விட்டுட்டு வந்த நரி மாதிரி நின்னேங்கிறாரு. நமக்கும் ஒரு வால் வேணும்னு தானே ஒண்ணு செஞ்சு ஒட்டிக்கிட்டாரு, அதுதான் இந்த அக்னாஸ்டிக். நீ ஒட்டியிருக்கிறது நரியே ஒட்டவச்ச வாலு, தெரிஞ்சுக்க. ஆனா மனுசன் ஒண்ணு சுத்தமாச் சொன்னாரு: இது கொள்கை இல்ல, ஒரு நடைமுறை. சாட்சி எவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போகுதோ அவ்வளவு தூரம் போ, அதுக்கு மேல தெரிஞ்ச மாதிரி பாவலா பண்ணாத.

இவருக்கு முன்னாலயே நம்ம தேசத்துல ஒருத்தரு இருந்தாரு. புத்தர் காலத்துச் சஞ்சயன். பரலோகம் உண்டா சாமின்னு கேட்டா உண்டுங்கவும் மாட்டாரு, இல்லைங்கவும் மாட்டாரு, ரெண்டும் இல்லைங்கவும் மாட்டாரு. அந்தக் கூட்டத்துக்குப் பௌத்தக்காரங்க வச்ச பேரு விலாங்கு. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுமே, அதேதான். சாரிபுத்தர், மொக்கல்லானர்னு அவருகிட்ட இருந்த ரெண்டு நல்ல சீடனுங்களும் கடைசியில புத்தருகிட்டப் போய்ச் சேந்துட்டாங்க.

நீ ஹக்ஸ்லி வகையா, விலாங்கு வகையா? அதுதான் எனக்கு விளங்கல. கார் வாங்குனப்ப நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சு நசுக்குனது யாரு? அம்மா சொன்னாங்களா? சரி. கறி போட்டா ஆத்திகன், வரி கேட்டா அக்னாஸ்டிக், ஆபீசுல நாத்திகன். மூணு ரேஷன் கார்டு வச்சிருக்கிற ஆளுய்யா நீ.

‘தெரியுமா’ங்கிறது ஒரு கேள்வி, ‘நம்புறியா’ங்கிறது வேற கேள்வி. மேலக்காட்டுல போர் போட்டப்ப நீரோட்டம் பாக்குறவரு உள்ளங்கையில தேங்காயைப் படுக்க வச்சுக்கிட்டு நடந்தாரே, ஞாபகம் இருக்கா? அடியில தண்ணி இருக்கான்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனா உங்கப்பன் நம்பி லாரியைக் கூப்புட்டான், சித்தப்பன் நம்பாம பங்குக் காசைத் தர மாட்டேன்னுட்டான். தெரியாதுங்கிறதுல ரெண்டு பேரும் ஒண்ணு. வரி குடுக்காத நீயும் சித்தப்பன் கட்சிதான். அப்ப நீ அக்னாஸ்டிக்கும்தான், நாத்திகனும்தான். ஒண்ணைச் சொன்னா இன்னொண்ணு மறைஞ்சு போகும்னு யாரு சொன்னா?

நெசமான ‘தெரியாது’ எப்படி இருக்கும்னு நான் ஒருக்காப் பாத்திருக்கேன். அப்ப எனக்கு 25 வயசு. கருப்பசாமிக்கு எங்கப்பா நேந்துவிட்ட கெடா. வளத்தது நான், அதனால கயிறும் எங்கையில, மேல கருப்புச் சட்டை வேற. மாலையைப் போட்டு மஞ்சத்தண்ணி ஊத்தியாச்சு. கெடா துலுக்கணும், துலுக்குனாத்தான் சாமி உத்தரவு. அது துலுக்கல. கழுத்து மாலையில தொங்குன வேப்பங்கொழையை எட்டி எட்டித் தின்னுக்கிட்டு நிக்குது. ரெண்டாவது சொம்பு. தண்ணி முதுகுல ஓடி வயித்து மயிரு நுனியில சொட்டுது. கொட்டு நின்னுபோச்சு. ஊரே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒரு ஆட்டு முதுகையே பாக்குது. பூசாரிக்குத் தெரியல. எங்கப்பனுக்குத் தெரியல. சட்டை கருப்பா இருந்தும் எனக்கும் தெரியல. துலுக்கிராதடா, துலுக்கிராதடான்னு உள்ளுக்குள்ள வேண்டிக்கிட்டு நிக்கிறேன். யாருகிட்ட வேண்டுனேன்னு மட்டும் கேக்காத.

மூணாவது சொம்பைப் பூசாரி நைசா காதுல சாச்சுட்டாரு. உடம்பு மொத்தமும் உதறுச்சு. பொம்பளைங்க குலவை போட்டாங்க. “காதுல ஊத்துனா நான்கூடத்தான் துலுக்குவேன்”னேன். பூசாரி அசரல. “சாமி காது வழியாத்தாம்ப்பா எறங்கும்”னாரு. அதுக்கு ஹக்ஸ்லிகிட்டயும் பதில் இருக்காது. முதுகுல ஊத்து, பொறுத்துப் பாரு, துலுக்கலைன்னா அவுத்து விட்டுருன்னு மட்டும் சொல்லியிருப்பாரு.

எங்கூத்தையும் சொல்லிப்புடுறேன். பூசாரி சொம்பைச் சாய்க்கிறதுக்கு முன்னாலயே நான் கெடாவோட காதைப் பொத்தக் கையை நீட்டிட்டேன். கயிறு வெரல்ல சிக்கிக்கிச்சு, இல்லாட்டிப் பொத்தியிருப்பேன். அவரு துலுக்க வைக்கப் பாத்தாரு, நான் துலுக்க விடாம இருக்கப் பாத்தேன். ஆட்டை யாரும் கேக்கல.

2003-ல கவர்மெண்டுல 1950-ஆம் வருசத்துச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, கோயில்ல பலி குடுக்கக் கூடாதுன்னாங்க. மறு வருசமே அந்தச் சட்டத்தையே ரத்துப் பண்ணிட்டாங்க. நடுவுல ஒரு திருவிழா, கருப்பனுக்கு வெறும் சர்க்கரைப் பொங்கல். சாமிக்குக் கோவம் வந்துச்சா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. சம்பந்தக்காரங்களுக்கு வந்துச்சு. அது நல்லாத் தெரியும்.

சரி, ஒன் வரியை நான் கட்டிட்டேன். ரசீதுல ஒம் பேருக்கு நேரா ‘தெரியாது’ன்னு எழுதச் சொன்னேன், அந்தப் பய ‘தெரியாது தலைக்கட்டு 1’னு எழுதிக் குடுத்திருக்கான், பத்திரமா வச்சுக்க. நாளைக்குக் கெடாக் கயிறு ஒங்கையிலதான். பூசாரி பழைய பூசாரி மகன்தான், அவன் சொம்பு எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்துக்க. நீயும் காதைப் பொத்தாத.

அப்புறம், சாப்பாட்டுக்கு நீ வாரியா இல்லையா? இதுக்கும் தெரியாதுன்னு சொல்லிராதப்பா, அப்பத்தா மசாலா அரைக்க உக்காந்துட்டா.