அப்பத்தாவுக்கு ஒரு சின்ன வீடு

நான் சின்ன வீடு வைக்கப்போகிறேன் என்ற செய்தி தங்கச்சிமடத்திலிருந்து ராமேசுவரத்துக்கு டவுன் பஸ்ஸை முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்தது. செங்கல் விலை விசாரிக்கப் போன இடத்தில் நானேதான் வாயைக் கொடுத்தேன். "கொல்லையில சின்னதா ஒரு வீடுண்ணே, அம்மாவுக்கு" என்றதில் முதல் பாதிக்கு மட்டும் கால் முளைத்துவிட்டது. சாயங்காலம் திரும்பியபோது என் மனைவி காபிக்குப் பதில் என் ஜாதகத்தைக் கையில் வைத்திருந்தாள்.

தொடங்கிவைத்தவன் சிட்னியில் இருக்கும் தம்பி. அங்கே வீட்டுக்குப் பின்னால் வயசானவர்களுக்குக் குட்டி வீடு கட்டுவார்களாம், பெயர் ‘கிரானி பிளாட்’. அவன் இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் அதற்கு விதியே உண்டு, 60 சதுர மீட்டருக்கு மேல் போகக்கூடாது. அடிக்கணக்கில் போட்டுப் பார்த்தேன். சுமார் 645 சதுர அடி. எங்கள் பெரிய வீடே அவ்வளவுதான்.

அம்மாவுக்கு எழுபத்தோரு வயது, இரண்டு முட்டியிலும் வலி. பழைய வீட்டின் நாலு படியும் கொல்லைக் கடைசியில் இருக்கிற கக்கூசும் அவளுக்கு ஆகவில்லை. தரையோடு தரையாக ஒரு அறை, ஒட்டினாற்போல் கழிப்பறை, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி, மொத்தம் 300 சதுர அடி. தம்பி அனுப்பிய படத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டு, கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தாள்.

"ஆட்டைக் கொல்லையில கட்டுற மாதிரி என்னையக் கட்டப் போறியளா?"

ஒரு வாரம் பேச்சில்லை. எட்டாம் நாள் காலையில் கொல்லையில் துடைப்பக்குச்சியால் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். "இந்தா, இங்கன திண்ணை வரணும். போற வாறவுக உக்கார வேணாமா?" கொல்லையில் போகிறவரும் வருகிறவரும் இரண்டு ஆடுகளும் பக்கத்து வீட்டுக் கோழியும்தான். ஆனாலும் திண்ணை வந்தது.

அடுத்து வாஸ்து. வாஸ்து புருஷன் வருஷத்தில் எட்டு நாள்தான் விழிக்கிறார், அதுவும் மூணேமுக்கால் நாழிகை, அதாவது ஒன்றரை மணி நேரம். அதற்குள் பல் விளக்கி, குளித்து, பூஜை செய்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டுவிட்டுத் திரும்பப் படுத்துவிடுவார். "உங்க ஐயாவும் இப்படித்தேன்" என்றாள் அம்மா. சாப்பிடுகிற நேரமும் வெற்றிலை போடுகிற நேரமும் விசேஷம் என்று 2024 ஐப்பசி 11-ஐக் குறித்தோம்.

எங்கள் பக்கம் அஸ்திவாரத்துக்குத் தோண்டுவதை ‘வானம் தோண்டுவது’ என்போம். ராமநாதபுரம் ஜில்லாவுக்குத் தண்ணியில்லாக் காடு என்று பெயர். பிடிக்காத அதிகாரியை மாற்றுவதற்கென்றே கடவுள் இதைப் படைத்தார் என்று மற்ற ஜில்லாக்காரர்கள் நம்புகிறார்கள். இங்கே மழை வேண்டுமானால் யாகமெல்லாம் தேவையில்லை, ஐப்பசியில் ஒரு வானம் தோண்டினால் போதும். தோண்டிய மூன்றாம் நாள் கொட்டித் தீர்த்தது. தீவு மண் முழுக்கக் கடல் மணல், கரை நிற்காது. நாலு பக்கமும் சரிந்து குழி தானாகவே மூடிக்கொண்டது. கொத்தனார் வந்து எட்டிப் பார்த்து, "எந்த இடத்துலண்ணே தோண்டுனோம்?" என்றார்.

மழை விட்டதும் கம்பிப் பஞ்சாயத்து ஆரம்பித்தது. இந்தத் தீவில் உப்புக் காற்று கதவுக் கொண்டியைக்கூட விடுவதில்லை. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில், 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்தினார்கள். பக்கத்திலேயே கட்டிய புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியாம். கொத்தனார் இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் பர்ஸைப் பார்த்தேன். சாதாரணக் கம்பிதான், ஆனால் கலவைக்குப் போர்த் தண்ணீர் கூடவே கூடாது என்றார். உப்புத் தண்ணீரில் குழைத்தால் உள்ளே கம்பி துருவேறிப் பருத்துக்கொண்டே போகும், பூச்சை வெடித்துத் தள்ளும், பத்தே வருஷத்தில் தளம் காரையாகத் தலையில் உதிரும். ஆகவே நல்ல தண்ணி லாரி வந்தது.

அம்மா வாசலில் நின்று லாரியைப் பார்த்தாள். குடம் குடமாக நல்ல தண்ணிக்கு அலைந்த வாழ்க்கை அவளுடையது. "நம்ம குடிக்கவே கிடைக்கல. சுவரு குடிக்குதா?"

"ஆத்தா, சுவரு குடிச்சாத்தேன் நிக்கும்" என்றார் கொத்தனார்.

"உன்னைய மாதிரியா?"

அவர் அதற்குப் பிறகு அம்மா இருக்கும் பக்கம் பூச்சு வேலை வைத்துக்கொள்ளவில்லை.

தளம் போட்டதும் மேலே சிமென்டில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள். மறுநாள் மத்தியானம் ஆளில்லாத நேரத்தில் மேலே துணி துவைக்கிற சத்தம். போய்ப் பார்த்தால், முட்டி வலிக்காரி, யாருக்குப் படி ஆகாது என்று நான் லட்சங்களைக் கொட்டிக்கொண்டிருந்தேனோ அவள், சவுக்குக் கழி ஏணியில் ஏறி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பாத்தித் தண்ணீரில் என் வேட்டியைக் கும்மிக்கொண்டிருந்தாள். "சும்மாதானடா கிடக்கு?"

ஜன்னலில் மட்டும் அவள் யாரையும் பேச விடவில்லை. வாசல் கடலைப் பார்த்து வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். ஆனால் கடல் பக்கச் சுவரில் ஒரு ஜன்னல் வேண்டும், கட்டிலில் படுத்தால் தண்ணீர் தெரிகிற உயரத்தில். அவ்வளவு தாழ்வாக வைத்தால் நன்றாயிராது என்றார் கொத்தனார். அம்மா தனுஷ்கோடியில் பிறந்தவள். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் அடித்தபோது அவளுக்குப் பத்து வயது, ராமேசுவரத்தில் அத்தை வீட்டில் இருந்தாள். பாம்பனிலிருந்து போன ரயிலையே கடல் இழுத்துக்கொண்ட ராத்திரி அது. பெற்றவர்கள் எப்படியோ வந்து சேர்ந்தார்கள், வீடு வரவில்லை. கொத்தனாரிடம் அதையெல்லாம் சொல்லவில்லை. வெறும் தரையில் படுத்துக் கையை நீட்டி, "இம்புட்டு உசரம்" என்றாள். "அது எந்திரிச்சு வந்தா நான் பாக்கணும்." அவர் ஒன்றும் பேசாமல் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டார்.

ஏப்ரல் 6-ஆம் தேதி பிரதமர் வந்து புதுப் பாலத்தைத் திறந்தார். எங்கள் வீட்டுக்குக் கதவு பாக்கி இருந்தது. பாலத்தின் நடுத்துண்டு பதினேழு மீட்டர் உயரத்துக்கு லிஃப்ட் மாதிரி எழும்புகிறது என்றார்கள். எங்கள் தச்சரின் நிலை ஒரு விரற்கடை எழும்பாமல் மூன்று வாரம் இழுத்தடித்தது.

வைகாசியில் பால் காய்ச்சினோம். தம்பி வீடியோவில் பார்த்து அழுதான். பேத்தி வாசலில் ‘அப்பத்தா வீடு’ என்று சாக்பீஸால் எழுதினாள். அன்று ராத்திரி அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு பழைய வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டாள். சிமென்ட் வாடை அடிக்கிறதாம். வாடை போனதும் பல்லி கத்தியது. பல்லி போனதும் ஆடி வந்தது, ஆடியில் குடி போகக்கூடாது. பகல் முழுக்க அவள் அங்கேதான், திண்ணையில் ஆட்டோடும் கோழியோடும் பேச்சு, ஜன்னலோரம் ஒரு குட்டித் தூக்கம். பொழுது சாய்ந்தால் மட்டும் நாலு படியும் ஏறிக் கூடத்துக்கு வந்துவிடுவாள்.

குறட்டைச் சத்தத்தில் பிள்ளை படிக்க முடியவில்லை என்று மனைவி ஒரு நாள் என் தலையணையைக் கொல்லைப் பக்கம் காட்டினாள். போய்ப் படுத்தேன். அம்மா சொன்னது சரிதான், ஜன்னல் உயரம் கனகச்சிதம். இப்போது நான்கு மாதமாகிறது. கழிப்பறையில் பிடிகம்பியும் எனக்கு உதவத்தான் செய்கிறது.

நேற்று ராத்திரி அம்மா கையில் டார்ச்சோடு வந்து கதவைத் தட்டினாள். "அங்கன சாப்பிட வாரியா? இல்ல உனக்குத் தனிச் சமையலா?"