ஒற்றை வட்டத்துக்கு உரை

கேள்வி: வெள்ளைத் துணியில் ஒரே ஒரு கறுப்பு வட்டம். இதில் என்ன சார் அர்த்தம் இருக்கிறது?
– ஒரு வாசகர், கூட்டேரிப்பட்டு

பதில்: மயிலம் முருகனுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? நெற்றியில் வைத்த குங்குமப் பொட்டுக்கு யாரிடமாவது உரை கேட்டீர்களா! ஓவியர் எஸ்.எச். ரஸா சிறுவனாக இருந்தபோது, அலைபாயும் மனம் நிலைக்கட்டும் என்று ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளி வைத்துப் பார்க்கச் சொன்னார். பின்னாளில் அதுவே 'பிந்து' (புள்ளி) ஓவியங்களாக விரிந்தது. அவற்றில் வரும் கறுப்பு வட்டத்தை அவர் விதையாகவே கண்டார். ஆனால் கறுப்பு என்றால் எப்போதும் விதை என்றில்லை; நிறத்துக்கு நிலையான பொருள் கிடையாது, பக்கத்து நிறம்தான் தீர்மானிக்கும். மஞ்சளுக்கு நடுவே சாம்பல் நிறத்தை வையுங்கள், லேசாக ஊதா அடிக்கும். சென்னைப் பக்கம் வந்தால், 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போங்கள். ஒரே படத்தின் முன் ஐந்து நிமிடம் நில்லுங்கள். தலைப்பைக் கடைசியில் படியுங்கள்.